துணி ஒட்டிய மூன்று கவர்கள்

ஆகஸ்ட் 18

நாத்தனார் மகாராணிக்கு,

அண்ணி எழுதுகிறேன். ஆமாம், நானேதான். உயிரோடுதான் இருக்கிறேன். பதினைந்து மாதமாக நீ ஒரு வரி எழுதவில்லை, நானும் எழுதவில்லை. இன்னும் பதினைந்து மாதம்கூட அப்படியே இருந்திருப்பேன். ஆனால் எனக்கு அறை கிடைக்கப்போகிறது! கதவு வைத்த அறை! உள்ளேயே குழாய்! இதை உன்னிடம் சொல்லாமல் அடக்கிவைத்தால் என் தலை வெடித்துவிடும்.

முதலிலிருந்து சொல்கிறேன். கடைவீதி நடுவில் கடிகாரக் கட்டடம், அதன் முன்பக்க வளைவு நடையில் பதினான்காம் தூண் என் இடம் என்பது உனக்குத் தெரியும். நேரில் வந்து நின்று சண்டை போட்டவள்தானே நீ. எங்கள் நடையை மட்டும் விட்டுவிட்டு அந்தக் கட்டடத்தைச் சுற்றி நீலத் தகரம் அடித்துவிட்டார்கள். கடைவீதி முழுவதையும் புதிதாக்கப் போகிறார்களாம். கண்ணாடி லிஃப்ட், மேலே ஓட்டல், கீழே பெரிய பெரிய கடைகள். தகரத்தின்மேல் ஆள் உயரத்துக்குப் படம் ஒட்டியிருக்கிறார்கள். படத்தில் என் தூண் இருக்கிறதடி! அதன் அடியில் ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்து எதையோ குடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "என் இடத்துல உக்காந்து இவளுக்கு என்ன சிரிப்பு?" என்றேன். பதின்மூன்றாம் தூண் பூட்டுக்காரர், "பாவம், அவங்களுக்குப் பை தைக்கத் தெரியாது. வேற என்ன பண்ணுவாங்க, சிரிக்கட்டும் விடுங்க" என்றார்.

இரண்டு மாதமாகவே கெடுபிடிதான். பொதுக் கழிப்பறையைப் பூட்டிவிட்டார்கள், இப்போது அவசரத்துக்கு ரயில் நிலையம்வரை ஓட வேண்டியிருக்கிறது. தெருக்குழாயைக் கழற்றியாயிற்று. பெஞ்சுகளின் நடுவில் இரும்புக் கம்பி வைத்துவிட்டார்கள், யாரும் படுக்கக் கூடாதாம். பதினைந்தாம் தூண் பேப்பர் அம்மா கம்பிக்கு இந்தப் பக்கம் தலையும் அந்தப் பக்கம் காலுமாகப் படுத்துப் பார்த்துவிட்டு, "என்னை ரெண்டா வெட்டினாத்தான் இதுல தூங்க முடியும்" என்றாள். நாள் முழுக்கத் தெருவில் காகிதம் பொறுக்குகிற உடம்பு. எங்காவது நீட்ட வேண்டாமா?

இப்போது கேள். போன வாரம் படிவத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். கட்டடத்தின் பின்கட்டில் இருந்த பழைய கிடங்கை அறைகளாகத் தடுத்து வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார்களாம். இங்கேயே இருந்துவந்த ஆட்களுக்கு ஆளுக்கு ஓர் அறை, வாசலில் தொழில் செய்ய இடம். கேட்டதும் நான் போட்ட கூச்சலில் புறாக்கள் எல்லாம் பறந்துவிட்டன.

ஒரே ஒரு சின்ன விஷயம்தான். போன வருஷம் ஜூன் முப்பதுக்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்ட ஒரு காகிதம் வேண்டுமாம். அதில் நம் பெயர், இந்த இடத்தின் விலாசம், தேதியோடு அரசாங்க முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. காகிதம் இல்லாதவர்களைச் செப்டம்பர் பதினைந்தாம் தேதி வேனில் ஏற்றி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கூடாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே வெறும் பொட்டல். யாருக்கு ஜிப் அறுந்துபோய் என்னைத் தேடி வரப்போகிறார்கள்? ஆனால் ஏதாவது ஒரு காகிதம் கிடைக்காமலா போகும்! பன்னிரண்டாம் தூண் வாத்தியார், ஒரு காலத்தில் அச்சகத்தில் பிழை திருத்தியவர், தன் மூட்டையைக் கொட்டித் தேடிக்கொண்டிருக்கிறார்.

உதவி கேட்டு எழுதவில்லை. பெருமை அடித்துக்கொள்ளத்தான் எழுதினேன். பாய், மூலை என்று ஒரு வார்த்தை பதிலில் இருந்தால் அப்படியே கிழித்துப் போட்டுவிடுவேன்.

உன் அண்ணி


ஆகஸ்ட் 22

அன்புள்ள அண்ணிக்கு,

அனுப்புநர் இடம் மறுபடியும் காலி. முப்பத்தொரு வருடமாகத் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் நிற்கிறவள் நான். என் சொந்த வீட்டுக்கு அனுப்புநர் விலாசம் இல்லாத கடிதம் வருகிறது. எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! சரி, அது கிடக்கட்டும். இன்று உங்களைத் திட்ட நேரமில்லை.

அண்ணி, கவர்! என்னுடைய கவர்கள்!

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரிக்கும் பலகைக்கு முன்னால் நின்றே படித்தேன். "பெயர், விலாசம், தேதியோடு முத்திரை" என்ற வரி வந்ததும் கத்திவிட்டேன். பாம்பு வந்துவிட்டதோ என்று மேற்பார்வையாளர் நாற்காலிமேல் ஏறிவிட்டார். நீங்கள் ஏன் மூட்டையைக் கொட்டித் தேடுகிறீர்கள்? அந்தக் காகிதத்தை நானே அல்லவா உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்!

போன வருடத்துக்கு முந்திய வருடம் நவம்பரில் நான் எழுதிய கடிதம் திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். தபால்காரர் புதியவர். "அப்படி ஒருவர் இல்லை" என்று முத்திரை குத்தித் திருப்பிவிட்டார். ஊரார் கடிதங்களில் அந்த முத்திரையை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். என் கையெழுத்தின்மேல், உங்கள் பெயரின்மேல் அதைப் பார்த்தபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் டிசம்பரில் நானே கிளம்பி வந்தேன். நாம் சண்டை போட்டோம். ஆனால் அந்தச் சண்டைக்கு நடுவிலும் பக்கத்துத் தூண்காரர்கள் மூவரின் முழுப் பெயர், தகப்பனார் பெயர், தொழில் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன், நினைவிருக்கிறதா? பூட்டுக்காரர்கூட, "இந்தம்மா சண்டைக்கு வந்தாங்களா, கணக்கெடுக்க வந்தாங்களா?" என்று உங்களிடம் கேட்டார்.

அதன்பிறகு போன வருடம் மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒவ்வொரு கவரிலும் உங்கள் பெயர், தூண் எண் பதினான்கு என்று தொடங்கி முழு விலாசம், அதன் கீழே இன்னொரு வரி: "அவர் இல்லையெனில் இன்னாரிடம் கொடுக்கவும்." இனி ஒரு கடிதமும் திரும்பி வரக் கூடாது என்று ஒவ்வொரு கவரிலும் ஆளை மாற்றி எழுதினேன். என் நாட்குறிப்பைப் பார்த்துவிட்டேன். ஜனவரி 11, பூட்டுக்காரர். மார்ச் 8, பேப்பர் அம்மா. மே 19, வாத்தியார். மூவருக்கும் பெயர், தகப்பனார் பெயர், தூண் எண் எல்லாம் கவரிலேயே எழுதியிருக்கிறேன். மூன்றும் ஜூனுக்கு முன். மூன்றிலும் எங்கள் அலுவலக முத்திரை, உங்கள் ஊர் முத்திரை இரண்டும் விழுந்திருக்கும். மூன்று கவர், நான்கு பேர், நான்கு அறை!

நாளைக்கே எடுத்துக்கொண்டு போங்கள். பத்திரமாகத்தானே வைத்திருக்கிறீர்கள்?

மே மாதக் கடிதத்தைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. அதற்கு உங்களிடமிருந்து பதில் வராதபோது மறுபடி எழுத எனக்கு முகம் இல்லாமல் போயிற்று. நான் நிறுத்தியது அதனால்தான், கோபத்தால் அல்ல. இதை எழுதிவிட்டு அடித்தேன், மறுபடியும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 27

அடி என் நாத்தனாரே,

திட்டு. முதலில் உட்கார்ந்து ஆசை தீரத் திட்டிவிட்டு, அப்புறம் மேலே படி.

உன் கடிதத்தை வாத்தியார் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தார். மூன்று கவர், நான்கு அறை என்றதும் பூட்டுக்காரர் எழுந்து ஆடவே தொடங்கிவிட்டார். முப்பது வருஷமாக ஊர்க் கதவுக்கெல்லாம் சாவி போட்ட மனிதர், தன் கதவுக்கு என்ன மாதிரிச் சாவி போடுவது என்று பேச ஆரம்பித்துவிட்டார். நான் மட்டும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாகச் சமைந்துவிட்டேன்.

ஏனென்றால் கவர்கள் என்னிடம் இல்லை.

நீ என்ன சாதாரணக் கவரிலா எழுதுகிறாய்? அலுவலகத்துக் கவர், கெட்டிப் பழுப்புத் தாள், உள்ளே துணி ஒட்டியது. இயந்திரத்தில் கிழியாது என்று நீதான் பீற்றிக்கொள்வாய். பைப்பிடிக்கு உள்ளே விறைப்புக்கு வைக்க அந்த மாதிரி ஒன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. மடித்து வைத்துத் தைத்தால் பிடி நிமிர்ந்து நிற்கும், மழையில் நனைந்தாலும் ஊறாது. கவர் வந்தவுடன் அன்றைக்கு எந்தப் பை பிடி அறுந்து வந்ததோ அதற்குள் வைத்துத் தைத்துவிட்டேன். மூன்றையும்தான். எனக்கு என்ன தெரியும், என் அறையை நானே மடித்துத் தைக்கிறேன் என்று!

பேப்பர் அம்மாவால்தான் தாங்கவே முடியவில்லை. "நான் ஊரெல்லாம் குப்பையைக் கிளறிக் காகிதம் பொறுக்கறேன். என் அறைக் காகிதத்தை நீ ஊரான் பைக்குள்ள வெச்சுத் தெச்சிருக்கியே, நல்லா இருப்பியா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளே சிரித்துவிட்டாள். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் கேள், கதை முடியவில்லை. எனக்கு முகம் மறந்துபோகும், பை மறக்காது. உன் தேதிகளை வைத்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துவிட்டேன். ஜனவரியில் ஒரு நர்ஸின் நீலத் தோள்பை, வார் பிய்ந்து வந்தது. மார்ச்சில் முடிவெட்டுகிறவரின் கறுப்புக் கருவிப்பை. மே மாதம் காப்பி நிறத்தில் ஓர் ஆபீஸ் பை. அந்தப் பைக்காரி முகத்தில் பாதி கறுப்புக் கண்ணாடி, மீதிப் பாதி போன். "சீக்கிரம், சீக்கிரம்" என்று என் உயிரை எடுத்தாள். அவளுக்குப் போட்டதுதான் நான் போட்டதிலேயே கெட்டியான பிடி.

நாளைக் காலையிலிருந்து நாங்கள் நாலு பேரும் நாலு பஸ் நிறுத்தத்தில் உட்காரப்போகிறோம். கடைவீதிக்கு வருகிற ஒரு தோளையும் விடப்போவதில்லை. இது பயமா சந்தோஷமா, எனக்கே தெரியவில்லை!

கவருக்குள் இருந்த தாள்கள் எங்கே என்று இப்போது கேட்காதே.

உன் அண்ணி


ஆகஸ்ட் 31

அண்ணி,

அனுப்புநர் இடம் காலி.

நான் திட்டவில்லை. தபாலில் கவர் கிழிந்திருக்கிறது, நனைந்திருக்கிறது, எலி கடித்திருக்கிறது. பைக்குள் வைத்துத் தைத்தார்கள் என்று முப்பத்தொரு வருடத்தில் இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

ஒன்றே ஒன்று உடனே சொல்லுங்கள்: மடித்தீர்களா, வெட்டினீர்களா? முத்திரையை வெட்டியிருந்தால் அந்தக் கவர் செல்லாது. தேதியும் விலாசமும் ஒரே துண்டில் இருக்க வேண்டும். பிடியைப் பிரிக்கும்போது பிளேடைக் குறுக்கே ஓட்டாதீர்கள், தையல் வழியாகவே பிரியுங்கள். இதைத் தையல்காரிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

நான்கு நாள் விடுப்பு கேட்டு வைத்திருக்கிறேன். நான் வரட்டுமா? எனக்கும் கண் இருக்கிறது, ஒரு பஸ் நிறுத்தத்தை நானும் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர், "நீயும் உங்க அண்ணியும் சேர்ந்தா அந்த ஊர்ல முழுசா ஒரு பை மிஞ்சாது" என்கிறார். வரச் சொன்னால் வருவேன். சொல்லாமல் வந்து மறுபடி ஒரு சண்டையை என்னால் தாங்க முடியாது.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 7

நாத்தனாரே,

கிடைத்துவிட்டது! ஒன்று இல்லை, இரண்டு!

மடித்தேன், வெட்டவில்லை. அவ்வளவு நல்ல துணியை வெட்ட எனக்கு மனசு வரவில்லை. என் கஞ்சத்தனம் எங்களைக் காப்பாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நர்ஸை இரண்டாம் நாளே பிடித்துவிட்டோம். நீலப் பை கூட்டத்துக்குள் போவதைப் பார்த்தேன். "நில்லுங்கம்மா! நில்லுங்க! உங்க பையைப் பிரிக்கணும்!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அந்தப் பெண் என்னைத் திருடி என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினாள். நான் ஓட, அவள் ஓட, எனக்குப் பின்னால் பேப்பர் அம்மா மூட்டையோடு ஓட, போக்குவரத்துக் காவலர் விசில் அடித்துக்கொண்டு அவரும் ஓட! ஆஸ்பத்திரி வாசலில் போய் மூச்சிரைக்க நின்றோம். விஷயத்தைச் சொன்னேன். "இவ்வளவு தூரம் ஓடி வந்தீங்களே, ஒரு பிடியைப் பிரிக்கவா நான் மாட்டேன்னு சொல்லப்போறேன்?" என்று பையைக் கவிழ்த்துக் கொடுத்தாள். வாசல் படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன். உள்ளே உன் கவர், நேற்று வைத்தது போல! முத்திரை பளிச்சென்று இருந்தது. பூட்டுக்காரர் தன் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

முடிவெட்டுகிறவரிடம் வேறு கதை. கடையில் சோப்பு போட்ட முகத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்க, அவர் பையைக் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். "நீங்க தெச்ச அந்தப் பிடி ராசிங்க. அதுக்கப்புறம்தான் எனக்குக் கடையே அமைஞ்சுது" என்கிறார். புதுப் பிடி இரண்டு போட்டுத் தருகிறேன், மேலே ஜிப்பும் மாற்றித் தருகிறேன் என்று கெஞ்சினேன். சோப்பு போட்ட ஆள், "ஐயா, அந்தம்மாவுக்குக் குடுத்துத் தொலைங்க, என் முகம் காயுது" என்று அலறினார். அப்படித்தான் பேப்பர் அம்மாவின் கவர் கிடைத்தது. அன்று முழுக்க அவள் காகிதம் பொறுக்கப் போகவில்லை. கவரை மார்போடு வைத்துக்கொண்டு தூணில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

காப்பி நிறப் பைதான் கண்ணில் படவில்லை. பதினோரு நாளாகப் பார்க்கிறேன். அது கிடைக்காவிட்டால் வாத்தியார் வேனில்தான். அவர் எங்களிடம் சிரித்துக்கொண்டே, "நீங்க மூணு பேரும் கையெழுத்துப் போட்டுப் போங்க. என் வாழ்க்கை பூரா மத்தவங்க எழுதினதைத்தான் திருத்தினேன். எனக்குன்னு யாரும் எதுவும் எழுதினது கிடையாது. ஒரே ஒரு கவர்ல என் பேர் இருந்துதுன்னு தெரிஞ்சதே போதும்" என்கிறார். எனக்கு வந்ததே கோபம்! நாலு பேரும் போகாமல் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நீ வர வேண்டாம். எனக்கென்று கதவு வந்த பிறகு வா. மே மாதக் கடிதத்தைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், ஆனால் அதை எழுத இன்றைக்குக் கை வரவில்லை.

உன் அண்ணி


செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணிக்கு,

இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், என் கையாலேயே உங்கள் ஊர்ப் பையில் சேர்த்தேன். இரண்டு நாளில் கிடைக்கும்.

இரண்டு கவர் கிடைத்ததை அலுவலகத்தில் எல்லோரிடமும் சொன்னேன், கை தட்டினார்கள். ஆனால் நீங்கள் கடைசியில் எழுதியதைப் படித்ததும் அங்கேயே உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன். அண்ணி, கையெழுத்துப் போடுங்கள். வாத்தியாருக்காகத் தொடர்ந்து தேடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் பதினைந்தாம் தேதி தாண்டினால் உங்கள் அறையும் போய்விடும். நீங்கள் வேனில் ஏறினால், அந்தக் கூடாரத்துக்கு விலாசமே கிடையாது. விசாரித்துவிட்டேன், எங்கள் பலகையில் அந்தப் பொட்டலுக்குக் கடிதம் போட ஓர் அறைகூட ஒதுக்கவில்லை. நான் எங்கே எழுதுவேன்?

என் வீட்டுக்கு வாருங்கள் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், எழுதவில்லை. எழுதினால் உங்களுக்கு என்ன நினைவு வரும் என்று எனக்குத் தெரியும். வீடு இடிபட்டு நீங்கள் வந்து நின்றபோது நான் சொன்ன சொல்தான் நினைவு வரும்.

சொல்ல வேண்டியதை எல்லாம் மே மாதக் கடிதத்தில் சொல்லிவிட்டேன். மூன்று முறை எழுதி மூன்று முறை கிழித்து நாலாவது முறை அனுப்பியது அது. நீங்கள் படித்தீர்கள், பதில் எழுதவில்லை. அதைவிட "அப்படி ஒருவர் இல்லை" என்ற முத்திரையோடு அது திரும்பி வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இனி அதைப் பற்றிப் பேச மாட்டேன். கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்


அனுப்புநர்:
அறை எண் 4, பின்கட்டு,
பழைய கடிகாரக் கட்டடம், கடைவீதி.

செப்டம்பர் 16

என் நாத்தனாருக்கு,

மேலே பார்த்தாயா? நன்றாகப் பார்! சக ஊழியர்களைக் கூப்பிட்டுக் காட்டு. மேற்பார்வையாளரை மறுபடி நாற்காலிமேல் ஏறச் சொல். சுவர் இன்னும் காயவில்லை, சுண்ணாம்பு வாசனை மூக்கைத் துளைக்கிறது, குழாயைத் திறந்து திறந்து மூடுகிறேன். பூட்டுக்காரர் காலையிலிருந்து தன் கதவைப் பூட்டுகிறார், திறக்கிறார், மறுபடி பூட்டுகிறார். நாலு பேருக்கும் நாலு அறை!

எப்படி என்கிறாயா? பதினான்காம் தேதி சாயங்காலம்வரை ஒன்றும் கிடைக்கவில்லை. தகரத்துக்குப் பக்கத்தில் படிவம் வாங்குகிற கூடாரம் போட்டிருக்கிறார்கள். அங்கே அதிகாரி அம்மாள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எங்கள் இரண்டு கவர்களையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரியா இருக்கு. மூணு பேரும் கையெழுத்துப் போடுங்க" என்றார். நான் வாத்தியார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் கடிதம் என் மடியில் இருந்தது. பேனாவை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். "மணி ஆச்சும்மா, நான் கிளம்பணும்" என்று அவர் எழுந்தார். மேசைக்கு அடியிலிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

காப்பி நிறப் பை!

என் தையல் எனக்குத் தெரியாதா? கடைசியில் நூலை இரண்டு முறை குறுக்கே போட்டு முடிப்பது நான் ஒருத்திதான். நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அம்மா! போன வருஷம் மே மாசம் என் முக்காலியில உக்காந்து சீக்கிரம் சீக்கிரம்னீங்களே! நான் அந்தத் தூண்ல இருந்தது உங்களுக்கே தெரியுமே! பக்கத்துல சத்தமா பேப்பர் படிச்சுட்டிருந்தாரே, அவர்தான் இவர்!" என்றேன். அவர் வாத்தியாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "எனக்குத் தெரிஞ்சா மட்டும் போதாதும்மா. பேப்பர்ல இருக்கணும்" என்றார் மெதுவாக. "பேப்பர் உங்க தோள்லதான் இருக்கு" என்று நான் பிளேடை எடுத்தேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். திட்டாதே. மார்ச் மாதக் கடிதத்தில் "அந்த மூலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதனால் மே மாதக் கவர் வந்தபோது நான் அதைப் பிரிக்கவே இல்லை. ஒட்டியது ஒட்டியபடியே மடித்து, தாளும் உள்ளேயே இருக்க, அந்தப் பிடிக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். கெட்டியாக இருந்தது ஏன் என்று இப்போது புரிகிறதா? அதன்பிறகு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. சரி, நம்மைத் தலைமுழுகிவிட்டாள் என்று நினைத்தேன். நீ பதிலுக்குக் காத்திருந்தாய். நான் கடிதத்துக்குக் காத்திருந்தேன்.

கவரை எடுத்து மேசைமேல் வைத்தேன். வாத்தியார் பெயர், தகப்பனார் பெயர், தூண் எண் பன்னிரண்டு, மே 21 என்று எங்கள் ஊர் முத்திரை. அதிகாரி அம்மாள் இரண்டு தடவை படித்துவிட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "உள்ள ஏதோ இருக்கும்மா. பிரிக்காமலே இருக்கே" என்று கவரை என்னிடம் நீட்டினார். நின்றபடியே பிரித்தேன். கண்ணாடி எடுத்து வரவில்லை. வாத்தியாரைப் படிக்கச் சொன்னேன்.

"அண்ணி, மூலையில் ஒரு பாய் போட்டால் போதும், அண்ணி இருந்துகொள்வார் என்று அன்று நான் சொன்னது என் மாமியார் காதில் விழுவதற்காக. உங்களால் யாருக்கும் பாரம் இல்லை என்று காட்டப் பார்த்தேன். உங்களை ஒரு பாய் அளவுக்குச் சுருக்கிவிட்டேன் என்பது அந்தத் தூணடியில் நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் இருந்திருந்தால் என்னை வாசலிலேயே நிற்க வைத்திருப்பான். என்னை மன்னித்துவிடுங்கள் அண்ணி. வர வேண்டாம், மன்னித்தால் போதும்."

வாத்தியார் தாளை மடித்து என் கையில் வைத்தார். நான் அந்தக் கூடாரத்தில், அத்தனை பேர் முன்னால், குழந்தை போல அழுதேனடி. அதிகாரி அம்மாள், "ஒரு வருஷத்துக்கு மேல இதை நான் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்" என்று சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவருக்குப் புதுப் பிடி போட்டுத் தருகிறேன் என்றேன், அவசரமில்லை என்றார். சீக்கிரம் சீக்கிரம் என்றவர்!

உன் ஜனவரி, மார்ச் கடிதங்களை நான் படித்தேன். தாள்கள் இரண்டும் என் தலையணைக்குள் இருக்கின்றன. மே மாதத்துத் தாளையும் அதோடு வைத்தாயிற்று.

நேற்று வேன் வந்தது. கடைவீதி நீரூற்றுப் பக்கம் இருந்த பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களைவிட நீண்ட காலமாக அங்கே இருந்தவர்கள். அவர்களுக்கு யாரும் ஒரு கடிதம் போட்டதில்லை, அது ஒன்றுதான் குறை. வேன் தெருமுனை திரும்பி மறைகிறவரை நாங்கள் நாலு பேரும் வெளியே நின்றோம். அன்று சாயங்காலம் பூட்டுக்காரர் கதவைப் பூட்டவே இல்லை.

அதனால் கேள், இது அவசரம். அடுத்ததாக பஸ் ஸ்டாண்டு பக்கம் இடிக்கப்போகிறார்களாம். அங்கே இருந்ததைக் காட்டும் காகிதத்துக்கு இந்த வருஷம் டிசம்பர் முப்பத்தொன்று கடைசித் தேதி. அதிகாரி அம்மாள் என் காதோடு சொன்னார். நானும் பேப்பர் அம்மாவும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். முப்பத்தாறு பேர். முழுப் பெயர், தகப்பனார் பெயர், தொழில், எந்தப் பெஞ்சு, எந்தப் படிக்கட்டு, எல்லாம் கேட்டு எழுதிவிட்டேன். உன்னிடம் கற்றதுதான். உன் அலுவலகத்தில் கை தட்டினார்களே, இப்போது அந்தக் கைகளில் பேனாவைக் கொடு. ஆளுக்கு நாலு பேருக்குக் கடிதம் எழுதட்டும். சும்மா வெற்றுத் தாள் வேண்டாம், சாப்பிட்டீர்களா, உடம்பு எப்படி என்று ஒழுங்காக எழுதச் சொல். யாரும் பிரிக்காமல் பைக்குள் தைத்துவிடாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.

இல்லை, நீயே கவர்களோடு வா. அந்த நாலு நாள் விடுப்பு இன்னும் இருக்கிறதா? முப்பத்தாறு துணி ஒட்டிய கவர் எடுத்துக்கொள். இங்கே உட்கார்ந்து சேர்ந்து எழுதுவோம்.

காலையில் இரண்டு பாய் வாங்கினேன். என்னுடையதைச் சுவரோரம் போட்டிருக்கிறேன். உன்னுடையதை மூலையில் போடவில்லை. அறைக்கு நட்டநடுவில் விரித்திருக்கிறேன், வருகிறவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். சீக்கிரம் வா, சீக்கிரம்.

உன் அண்ணி